ஒன்று விழுந்த இரவு

ரெலாவ் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
இரண்டு லிஃப்டில் ஒன்று வழக்கம்போல் செத்துக் கிடக்கிறது.
பாலம் தாண்டிப் பிறையிலிருந்து வந்த நேசமணி
மழைக்கோட்டைக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டுக்
கேட்ட முதல் கேள்வி:
"எனக்கு உயிர் எத்தனை மிச்சம்?"

ஏழு, என்றேன்.
போன மாதம் விட்ட இடத்திலேயே நிற்கிறாய்,
முழங்கால் தண்ணீரில்,
இரும்புக் கதவுக்கு முன்னால்.

மாதம் ஒருமுறைதான் வாய்க்கிறது இந்த மேசை.
பூதத்தைக்கூடச் சமாளித்துவிடலாம்.
நான்கு பேரின் ஷிஃப்ட் அட்டவணையை வெல்ல
எந்த நூலிலும் மந்திரம் இல்லை.

லோகேஸ்வரி பகலெல்லாம்
பாயான் லெப்பாஸ் ஆலையில்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளின் பழுது தேடுகிறவள்.
இரவில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க விதிநூலை வைத்துக்கொண்டு
என் பழுதைத் தேடுகிறாள்.
எத்தனை அடி விழுந்தால் எத்தனை காயம்,
ஈரக் கயிறு எத்தனை பேரைத் தாங்கும்,
குதிரை எப்போது மிரளும்,
எல்லாவற்றுக்கும் அட்டவணை வேண்டும் அவளுக்கு.

பூன் கியாட்டுக்கு இரண்டு தாள் விதி போதும்.
தைப்பூசத்துக்குத் தவறாமல் தேங்காய் உடைக்கிறவன்,
ஒர்க்‌ஷாப்பில் கற்ற தமிழில் சொல்வான்:
"ஆறுமுகம் இருக்கும்போது இருபது முகம் எதுக்குலா?"

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் நான் கதை சொல்ல வேண்டும்.

விஷத்திலிருந்து பிழைக்க உருட்டுவதற்கு
ஒரு சொல் தேவைப்பட்டது.
தப்பெறி என்று வைத்தேன்.
நேசமணி எறிவதைப் பார்த்தால்
அது தப்பு, எறி என்றுதான் பிரிகிறது.

இன்றும் எறிந்தான், பூட்டைத் திறக்க.
பகடை பிஸ்கட் டின்னில் மோதி
மீ கோரெங் பொட்டலத்தைச் சுற்றி
மேசை விளிம்பில் யோசித்து
நின்றது.
ஒன்று.

"தாயம்!"
கத்திக்கொண்டு எழுந்தேவிட்டான்.
எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்பது
கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது அவன் முகத்துக்கு.

"பக்கம் நூற்று நாற்பது," என்றாள் லோகேஸ்வரி
புத்தகத்தைத் திறக்காமலே.
"ஒன்று என்றால் நாசம்.
கம்பி உடையும். காவலன் விழிப்பான்."

"எங்க வீட்டில ஒன்று விழாம காயே இறங்காது.
பன்னிரண்டு பன்னிரண்டா விழுந்தாலும் வெளியதான் நிக்கணும்."

"அது வேற ஆட்டம்."

"பகடை பகடைதானே?"

"அது பித்தளை. நாலு முகம்."

பூன் கியாட் என்னைப் பார்த்தான்.
நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன்.
அதில் பதில் இல்லை, ஒரு தே தாரிக் வட்டம் இருந்தது.

ஒன்று விழுந்தால்
ஒன்றுதான் நடக்க வேண்டுமா என்ன?

கம்பி உடைகிறது, என்றேன்.
காவலன் விழிக்கிறான்.
கதவும் திறக்கிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு லோகேஸ்வரி பென்சில் எடுத்து
நூற்று நாற்பதாம் பக்க ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதினாள்:
இந்த மேசையில் ஒன்று, தாயமும் ஆகும்.
அதற்குக் கீழே:
எனக்குச் சம்மதமில்லை.
அடிக்கோடு இரண்டு.

நேசமணி உட்காரவில்லை இன்னும்.
"உள்ள என்ன இருக்கு?"

கதவுக்குப் பின்னால்
நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.
அவன் உருட்டுகிற அழகுக்கு
அடுத்த மாதம்வரை தாங்கும் அந்தப் பூட்டு
என்று நம்பியிருந்தேன்.

கடைசி விமானம் ஜன்னலை அதிர வைத்துக்கொண்டு இறங்கியது.
அந்தச் சத்தம் அடங்கும்வரை எனக்கு அவகாசம்.
அறையைச் சுற்றிப் பார்த்தேன்:
மின்விசிறி, அரிசி டின், குளியலறைக் கதவு.

இருட்டு, என்றேன்.
யாரோ கழற்றி மாட்டிய உடை தொங்குகிறது.
அதிலிருந்து தண்ணீர்
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில்
பகடைக்குக் கை நீட்டினார்கள்.